ஃபுனாசூஷி மீனின் வயிற்றைக் கீறுவாங்களா?

ஏரிக்கரை: ஜப்பானின் பிவா ஏரி சுற்றுலான்னு ஒருத்தர் இங்கே குறிப்பு எழுதியிருக்கார். அதில் ஃபுனாசூஷி, அதாவது ஏரி மீனை உப்பிலும் சோற்றிலும் புளிக்கவைக்கிற பண்டம் பத்தி: "மீன் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, சோற்றில் புதைத்து அழுக விடுவார்கள்." படிச்சதும் எரிச்சலா வந்தது. வயிற்றைக் கீற மாட்டாங்க. செதிலைச் சீவி, செவுள் வழியா கம்பிக் கொக்கியை விட்டுக் குடலை மட்டும் இழுப்பாங்க. சினை உள்ளேயே இருக்கணும், அதுக்காகத்தானே வசந்தத்தில் சினையோட இருக்கிற நிகொரோபுனாவை (பிவா ஏரியின் கெண்டை வகை மீன்) தேடுறாங்க!

நாகஹாமா_பக்கம்: குறிப்பை எழுதினது நான்தான். ஒரு வார்த்தைக்கு இத்தனை கோபமா? குடல் வெளியே வரணும், வந்தாச்சு. எந்த வழியா வந்தால் என்ன?

ஏரிக்கரை: வழிதான் விஷயம். கீறினால் சினை உப்பில் சிதறிப்போகும். செவுள் வழியா எடுக்கும்போதும் பித்தப்பை உடைஞ்சா மீன் முழுக்கக் கசப்பு. 'அழுக விடுவார்கள்' என்பதும் தப்பு. மாசக்கணக்கா உப்பில் கிடந்த மீனை ஜூலைக் கடைசியில் நல்லாக் கழுவி, காயவெச்சு, சோறும் மீனுமா மரத்தொட்டியில் அடுக்கி, மேலே கல் ஏத்தி, தண்ணி ஊத்திக் காத்து புகாம மூடுவாங்க. சோறு புளிச்சு லாக்டிக் அமிலம் உண்டாகும். அதுதான் மீனைக் காக்குது. தண்ணி வத்தினால் காத்து புகுந்து பூஞ்சை பிடிக்கும்.

ரயில்பிரியன்: ரெண்டு பேரும் மீனை விடுங்க. அதே குறிப்பில் சாலட் பான் நாகஹாமா ஊர்ப் பண்டம்னு இருக்கே, அது கினோமோதோ ஊர்க் கடையோடது. பன்னுக்குள்ளே பொடியா நறுக்கின தகுவான் முள்ளங்கி ஊறுகாயும் மயோனீஸும்.

நாகஹாமா_பக்கம்: கினோமோதோ 2010லிருந்து நாகஹாமா நகராட்சிக்குள்ளேதான். வரைபடத்தைப் பாருங்க.

ரயில்பிரியன்: நகராட்சி சேர்த்தா ஊர் மாறிடுமா? நாகஹாமாவிலிருந்து நாலாவது ஸ்டேஷன். உங்களை நம்பி நாகஹாமாவில் இறங்கினவர் கருப்புச் சுவர்க் கட்டடத்தில் கண்ணாடிச் சாமான் பார்ப்பார், சபா சோமென் (கானாங்கெளுத்தி மீனோட மெல்லிய கோதுமை நூடுல்ஸ்) சாப்பிடுவார். அந்தக் கடை வாசலை மட்டும் பார்க்க மாட்டார்.

ஏரிக்கரை: சபா சோமென் பத்தியும் தப்பாத்தான் எழுதியிருக்கார். அது குளிர்ந்த சாறில் தொட்டுக்கிற சோமென் இல்லை. சுட்ட கானாங்கெளுத்தியைச் சோயாவும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவெச்சு, அந்தச் சாறிலேயே சோமெனை வேகவைப்பாங்க. ஆனா முதல்ல என் கேள்விக்குப் பதில்: வயிற்றைக் கீறுவாங்களா, மாட்டாங்களா?

நாகஹாமா_பக்கம்: சினை இல்லாத மீனைக் கீறினால் என்ன கெட்டுப்போகும்? எல்லா வீட்டுத் தொட்டியையும் எட்டிப் பார்த்துட்டு வந்தீங்களா?

ஏரிக்கரை: நீங்க எழுதினது சினை மீனைப் பத்தி. நீங்க போட்ட படத்தையே பெரிசாக்கிப் பாருங்க. வில்லை நடுவில் ஆரஞ்சு நிறச் சினை, அதைச் சுத்திச் சதை வளையம் அறுபடாம முழுசா இருக்கு. கீறின மீன்னா அந்த வளையம் அடியில் வாய் பிளந்திருக்கும்.

நாகஹாமா_பக்கம்: ஒரு படத்தை வெச்சு ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுதாதீங்க. என் குறிப்பை மாத்தப் போறதில்லை.

ஏரிக்கரை: மாத்தாட்டி போங்க. கீற மாட்டாங்க.