லாகூர் ஸம்ஸமா பீரங்கி: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அலுவலக வேலையாக நாலு நாள் லாகூர் போயிருந்தேன். கடைசி நாள் மதியம் மால் ரோட்டில் அருங்காட்சியகத்தைத் தேடிப் போனால், பீரங்கிதான் முதலில் கண்ணில் பட்டது. உள்ளே எங்கோ கயிறு கட்டி வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அது வெளியே, சாலை நடுவில் ஒரு மேடைமேல் நிற்கிறது. இரண்டு பக்கமும் பைக்கும் ரிக்‌ஷாவும் பறக்கின்றன. ரோட்டைக் கடந்து கிட்டே போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நீளம் 14 அடிக்கு மேல், குண்டு வெளியேறும் துளை மட்டும் ஒன்பதரை அங்குலம். மேலே பாரசீக எழுத்து. கூட வந்த உள்ளூர் நண்பர் எட்டி நின்று படித்துச் சொன்னார்: ஆப்கன் மன்னர் அகமது ஷா துரானியின் வசீர், அதாவது அமைச்சர், ஷா வலி கான் செய்வித்தது, கோட்டைகளைப் பிடிப்பது. அதோடு விட்டிருக்கலாம். "செம்பும் பித்தளையும் எங்கிருந்து வந்தது தெரியுமா? லாகூரில் வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்று வசூல் பண்ணி உருக்கியதாகச் சொல்வார்கள்" என்றார். அப்புறம் எனக்கு அது பீரங்கியாகவே தெரியவில்லை. யார் வீட்டு அண்டாவோ, யார் பெண்ணுக்குச் சீர் கொடுத்த குடமோ, 1761இல் பானிபட்டில் மராட்டியர்களைப் பார்த்து முழங்கியிருக்கிறது.

* * *

நாங்கள் குடும்பத்தோடு போனோம். பையனுக்கு அப்போது ஏழு வயது. கிப்ளிங்கின் 'கிம்' நாவல் ஒரு சிறுவன் தடையை மீறி இதன்மேல் உட்கார்ந்திருப்பதில்தான் ஆரம்பிக்கும் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஏறியே தீருவேன் என்று ஒரே அழுகை. சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் 1818இல் முல்தான் முற்றுகைக்கு இழுத்துப் போனதில் இதற்குப் பலத்த அடி, பாவம், அதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ ஏன் வெயில்ல நிக்க வெச்சிருக்காங்க?" என்றான். பதில் இல்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டி வந்தோம்.

* * *

பாத்திரக் கதையைப் படித்ததும் ஞாபகம் வந்தது. இதே அளவில் இன்னொரு பீரங்கியும் வார்த்தார்கள். காபூலுக்குக் கொண்டு போகும் வழியில் அது செனாப் ஆற்றோடு போய்விட்டது. லாகூரிலிருந்து இஸ்லாமாபாத் போகும்போது செனாப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி எட்டிப் பார்த்தேன். மணல் திட்டும் நாலைந்து எருமைகளும்தான்.