மாலை கழற்றிய மறுநாள்: குடிக்காமல் பொங்கலைக் கடந்தவர்கள் எழுதுங்கள்

அணைக்கட்டுப் பக்கம்

நானே ஆரம்பிக்கிறேன், பேருக்குப் பதில் ஊரை மட்டும் போட்டு. பதினோரு வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டவன். கார்த்திகை முதல் தேதி போட்டால் மகர ஜோதி வரைக்கும் ஏறக்குறைய 60 நாள், ஒரு சொட்டு தொட்டதில்லை. அதனால் எனக்குக் குடி நோய் இல்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். "வேணும்னா நிறுத்திடுவான்யா" என்று ஊரும் சொன்னது. நிறுத்துவது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. தேதி எண்ணிக்கொண்டு நிறுத்தினதுதான் கோளாறு.

ஜோதி பார்த்துவிட்டுக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும்போது பெரும்பாலும் மாட்டுப் பொங்கல் விடிந்திருக்கும். அன்றைக்குத் திருவள்ளுவர் தினம், டாஸ்மாக் லீவு. இதுவும் எனக்குத் தெரியும். மாலையோடு கடைக்குப் போக முடியாதே! அதனால் இருமுடி கட்டுவதற்கு முன்பே மச்சானிடம் காசு கொடுத்துவிடுவேன். அவர் வாங்கி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போரில் முழங்கை ஆழத்துக்குச் செருகி வைத்துவிடுவார். பதினெட்டாம் படி ஏறும்போது என் மனசு எங்கே இருந்தது என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு ஆடி மாதம், வேலூரில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு, அதாவது குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் இடத்துக்கு, ஒருத்தர் இழுத்துக்கொண்டு போனார். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்ததாம். அங்கே யாரும் தை மாதம் வரைக்கும் என்று சொல்லவில்லை. இன்றைக்கு மட்டும் குடிக்காதே, நாளையை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார்கள். அந்த வருஷம் மாலை போடவில்லை.

மாட்டுப் பொங்கல் காலை. பசுவுக்கு வைக்கோல் பிடுங்கப் போனேன். கைக்குள் சில்லென்று கண்ணாடி தட்டியது. நான் சொல்லாமலே மச்சான் வழக்கப்படி வைத்துவிட்டிருந்தார். ஆஃப் பாட்டில், மூடி சீல்கூட உடையவில்லை. வீரமாகத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். கை நடுங்கியது. பசு என் தோளை நக்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்து நண்பருக்குப் போன் அடித்தேன். அவர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. "சாப்டியாண்ணா?" என்றார். படைத்த பிறகு சாப்பிடலாம் என்று விடியற்காலையிலிருந்து வெறும் வயிறு. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்று இருந்தாலே குடி கூப்பிடும் என்று கூட்டத்தில் சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு நாலும் இருந்தது. "முதல்ல போய்ச் சாப்பிடு, அப்புறம் பேசலாம்" என்றார். முந்தின நாள் பொங்கல் மிச்சம், மொச்சைக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு பாட்டிலை மச்சான் கையிலேயே கொடுத்தேன். "தப்பா நினைச்சுக்காத மாமா, நீயா கேக்கலன்னாலும் வைக்கலன்னா கோவிச்சுப்பியோன்னு..." என்றார். அவர் மேல் என்ன குற்றம்? பத்து வருஷம் பழக்கியவன் நான்தானே.

சாயங்காலம் பசங்களோடு சேர்ந்து பசுவின் கொம்புக்கு நீலம் அடித்தேன். அதற்கு முந்தின வருஷங்களில் என்ன நிறம் அடித்தார்கள் என்றே எனக்கு ஞாபகம் இல்லை.

குடியாத்தம்

அண்ணா, உங்களுக்கு உடம்பு தாங்கியது. எல்லோருக்கும் தாங்காது, அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். மாலை போட்ட இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. சாமி கோபம் என்றார்கள் மாமியார். பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாமல் உளறல் எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். பி1 வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். நிறுத்தும் முன்பே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்துக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்று நாங்கள் ஒரு வருஷம் வீணாக்கினோம். ஊர் வலிப்பு வந்தபோதும் பேசத்தான் செய்தது.

காட்பாடி

எனக்கு டிசம்பர் 31 தான் கண்டம். ஆராதனை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தால் கேட் பக்கமே பைக்கோடு நிற்பார்கள். மூன்று வருஷமாக ஆராதனை முடிந்ததும் டீ ஊற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கையில் கெட்டில் இருந்தால் எவனும் கிளாஸ் நீட்ட மாட்டான். ஏன் குடிப்பதில்லை என்று விளக்கம் சொல்வதையும் விட்டுவிட்டேன். விளக்கம் சொல்லச் சொல்ல அவர்களுக்குப் பேரம் பேச இடம் கிடைக்கிறது.

ஆற்காடு

அணைக்கட்டு அண்ணா, திரும்ப மாலை போட்டீர்களா?

அணைக்கட்டுப் பக்கம்

இந்த வருஷம் போட்டேன் தம்பி. 60 நாளும் எல்லோரும் "சாமி, சாமி" என்றார்கள். கழற்றிய நிமிஷமே ஒருத்தன் "வா மாமா" என்றான். வீட்டில் வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். பொய் இல்லை. இந்தத் தடவை கொம்புக்குப் பச்சை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்து இன்னும் போகவில்லை.