உங்கள் தோட்டத்தில் தேனீ எந்தப் பூவுக்கு வருகிறது?

கோவை, மாடித்தோட்டம்:
என் மாடியில் ரோஜாத் தொட்டிதான் அதிகம். தேனீ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதழுக்குள் இதழாக அடைந்து கிடக்கும் அந்த ரகங்களில் மகரந்தத்துக்கு எங்கே போகும்? கூட்டம் முழுக்க மூலையில் இருக்கும் டேபிள் ரோஸில்தான். அதுவும் ஒற்றை அடுக்கு ரகத்தில். வெயில் ஏறினால்தான் பூ விரியும்; விரிந்ததும் வந்துவிடும். பூவுக்குள் விழுந்து புரண்டு, பின்னங்கால் இரண்டிலும் மகரந்த உருண்டையோடு கிளம்பும். மேகமூட்டமான நாளில் பூவும் சரியாக விரியாது, தேனீயும் வராது.

மத்தியானம் அது சுருங்கிய பிறகு துளசிதான். கதிர் வந்ததும் கிள்ளச் சொல்வார் மாமியார்: "இல்லீனா செடி முத்திப்போயிரும் கண்ணு." அவர் சொல்வதும் சரிதான். அதனால் பூஜைக்கு ஒரு செடி, தேனீக்கு ஒரு செடி.

திருச்சி:
கொத்தமல்லியைப் பூக்க விட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பு:
எங்களுக்கு மாசி, பங்குனியில் ரப்பர்தான் எல்லாம். பூவிலிருந்து இல்லை, தளிர் இலைக்காம்பின் நுனியில் சுரப்பதைத்தான் தேனீ எடுக்கும். மழை பிடித்துவிட்டால் பஞ்சம். பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும். தென்னம்பாளையில் மகரந்தம் கிடைக்கும், அதுவரை சரி. அந்த மாதங்களில் மதில் மேல் படர்ந்த ஆன்டிகோனன் கொடி பெரிய உபகாரம். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் கொடி முழுக்க இரைச்சல். அழகுக்கு என்று வைப்பவர்கள் மழைக்காலத்தில் பூப்பதாகவும் ஒன்று வையுங்கள்.

சேலம்:
தக்காளிக்குப் பெட்டித் தேனீயை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் வருவது வயிற்றில் நீல வரி போட்ட வேறொரு தேனீ. பூவைக் கவ்விக்கொண்டு 'உர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும். மகரந்தம் தூளாகக் கொட்டும். போனை எடுப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போயிருக்கும்! பூசணிக்கு விடியும்போதே போய் நில்லுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிவிடும்.

கோவை, மாடித்தோட்டம்:
மார்த்தாண்டம் அண்ணா, மாடியில் குழந்தை விளையாடுகிறாள். கொட்டிவிடாதா?

மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பு:
பூவில் மேய்கிற தேனீ தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் மக்களே. கையால் தட்டினால், காலில் மிதித்தால் கொட்டும். குழந்தைக்குச் செருப்புப் போட்டுவிடுங்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ நேரே ஆஸ்பத்திரி. அப்புறம், வேப்பெண்ணெய் அடிப்பதாக இருந்தால் பொழுது சாய்ந்து தேனீ கூடு திரும்பிய பிறகு அடியுங்கள்.