திருப்பூர் ஒன்றரை ஷிப்டும் சிங்கப்பூர் ஓ.டி.யும்: உங்கள் அனுபவம் என்ன?

புதுக்கோட்டைக்காரன்:

"திருப்பூரில் மாசம் இருபதாயிரம் வருகிறது, சிங்கப்பூர் போனால் ஐம்பதாயிரம் வரும் என்கிறார் ஏஜெண்ட். போகலாமா?" என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு ஊரிலும் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். மாசத்துக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

திருப்பூரில் நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். அங்கே எல்லாமே ஷிப்ட் கணக்குதான். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் சாயந்திரம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். ராத்திரி ஒன்பது, ஒன்பதரை வரை இழுத்தால் ஒன்றரை. சரக்கைக் கப்பலில் ஏற்றுகிற தேதி நெருங்கிவிட்டால் நடுராத்திரி தாண்டி இரண்டு ஷிப்ட். சாப்பாட்டு நேரம் போக ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம், எனக்கு அதற்கு 500 ரூபாய். தினம் ஒன்றரை போட்டு மாசம் 26 நாள் என்றால் 19,500. மணிக்கு அறுபத்திரண்டரை ரூபாய். கூடுதலாகப் பார்க்கிற நேரத்துக்கும் அதே அறுபத்திரண்டரைதான். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று இருந்தது. எங்கள் கம்பெனியில் அதைக் கேட்டால், "அதான் ஒன்றரை ஷிப்ட் தருகிறோமே" என்பார்கள்!

அப்புறம் ஸ்கில் டெஸ்ட் (தொழில்திறன் தேர்வு) அடித்து சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போனேன். எனக்கு பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 560 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மணிக்கணக்கு போடுவதற்கு அங்கே ஒரு வழி இருக்கிறது: மாச பேசிக்கைப் 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். வாரத்துக்கு 44 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் போனால் ஓ.டி. (ஓவர்டைம்), ஒன்றரை மடங்கு. என் கணக்கில் மணிக்கு 2.94 வெள்ளி, ஓ.டி.க்கு 4.41. வெள்ளிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் 176 ரூபாயும் 264 ரூபாயும். மாசத்துக்கு 72 மணி நேரம் ஓ.டி. என்பது உச்சவரம்பு. அது முழுசாகக் கிடைத்தால் கையில் 877 வெள்ளி, அதாவது ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். ஏஜெண்ட் சொன்னது பொய்யில்லை.

ஆனால் அவர் சொல்லாதது நிறைய. கேட்டரிங் சாப்பாடு 140, போன், சோப்பு, சில்லறைச் செலவு என்று இருநூறு வெள்ளி போனது. ஊரில் மூன்றரை லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கிப் போயிருந்தேன். மாசம் ஏழாயிரம் வட்டிக்கே சரி. மிஞ்சியது 33,000. திருப்பூரில் ரூம் வாடகை, மெஸ் எல்லாம் போக 13,500 மிஞ்சும். வித்தியாசம் 19,500. அதை அப்படியே அசலில் கட்டினாலும் கடன் அடைய ஒன்றரை வருஷம். வேலை பெர்மிட் இரண்டு வருஷம்தான்.

நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணி வேலைக்கு நாலரைக்கு எழ வேண்டும். ஆட்கள் தங்குகிற டார்மெட்டரியில் ஒரு குழாய்க்குப் பத்துப் பேர். லாரியின் பின்னால் உட்கார்ந்து, மழை பெய்தால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு தூங்கியபடியே சைட்டுக்குப் போக வேண்டும். மதியச் சாப்பாடும் விடியற்காலையிலேயே பொட்டலமாக வந்துவிடும், பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் புளித்திருக்கும். சாயந்திரம் வேலை முடிந்தாலும் லாரி மற்ற சைட்டுகளில் ஆள் ஏற்றிக்கொண்டுதான் திரும்பும். இந்த நேரத்துக்கெல்லாம் டைம் கார்டில் இடமில்லை.

கணவர் சிங்கப்பூர், நான் திருப்பூர்:

அண்ணன் எழுதியதெல்லாம் சரி. நான் இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங். இரவு ஒன்பதுக்கு நான் வெளியே வந்து போன் போட்டால் அங்கே பதினொன்றரை. அவர் தூங்கி வழிவார், எனக்கு அடுப்பில் உலை கொதிக்கும். வார நாளில் ஐந்து நிமிஷம் பேசினால் பெரிய விஷயம்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குச் சட்டசபையில் திருத்தம் நிறைவேற்றி, எல்லோரும் எதிர்த்ததால் திரும்ப வாங்கினார்கள் இல்லையா, அன்றைக்கு எங்கள் டேபிளில் ஒரே சிரிப்பு. "எட்டு மணி நேரத்தில் நாம் என்றைக்குடீ வீட்டுக்குப் போனோம்?" என்று ஒரு அக்கா கேட்டார்.

அண்ணன் விட்டுவிட்ட ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். பாப்பா பிறந்தபோது இ.எஸ்.ஐ.யில் பிரசவ கால உதவித்தொகை வந்தது. தீபாவளிக்கு போனஸ் வரும், குறைந்தது 8.33 சதவீதம் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவருக்கு அங்கே சேமநிதி கிடையாது, அந்த ஊர்ச் சேமநிதியான சி.பி.எஃப். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அடிபட்டால் இன்சூரன்ஸ் உண்டு, ஆனால் திரும்பி வரும்போது கம்பெனியிலிருந்து மொத்தமாகக் கையில் ஒன்றும் வராது. பிடித்தமே இல்லாத திருப்பூர் கம்பெனிகளும் எத்தனையோ இருக்கின்றன, அது வேறு கதை. அங்கெல்லாம் இந்தக் கணக்குக்கும் வேலையில்லை.

டைம் கார்டு பார்க்கிறவன்:

சிங்கப்பூர் சைட் ஒன்றில் ஆட்களின் நேரக் கணக்கு என் பொறுப்பு. தினம் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஒரே ரூமில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் 800 வெள்ளி சம்பளம். ஒருவருக்கு 800-ம் பேசிக். இன்னொருவருக்கு 400 பேசிக், 400 அலவன்ஸ். ஓ.டி. பேசிக்கை வைத்துத்தான் கணக்கு. முதல் ஆளுக்கு மணிக்கு 6.29, இரண்டாவது ஆளுக்கு 3.15. 72 மணி நேரம் பார்த்தால் மாசத்துக்கு 226 வெள்ளி வித்தியாசம், வேர்வை ஒன்றுதான். வேலை பெர்மிட்டுக்கு முன்னால் வருகிற ஐ.பி.ஏ. என்கிற முன் அனுமதிக் கடிதத்தில் பேசிக், அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். ஏஜெண்ட் மொத்தத்தை மட்டும்தான் சத்தமாகப் படிப்பார்.

வாரத்தில் ஐந்து நாள் எட்டு மணி நேரம் பார்த்தாலே 40 ஆகிவிட்டது. சனிக்கிழமை நாலு மணி நேரத்துக்கு மேல் எல்லாமே ஓ.டி. பல பேர் சனிக்கிழமை முழு நாளையும் சாதாரண நாளாகவே விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கூப்பிட்டு முழு நாள் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டு வந்ததாக எழுதினால் ஒரு நாள் சம்பளம்தான். அதனால் ஞாயிறு வேலைக்குக் கையெழுத்துக் கேட்டால் தாளில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

ஐ.பி.ஏ.யில் போட்ட பேசிக்கை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல், மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமல் குறைக்க முடியாது. ஆள் தலைக்கு அரசாங்கத்துக்குக் கட்டுகிற லெவி முதலாளி பாடு, அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 2016 ஏப்ரலிலிருந்து சம்பளச் சீட்டு கட்டாயம். மாசாமாசம் வாங்கி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தாள் தொலைந்துவிடும்.

கேள்வி கேட்ட தம்பி, ஐ.பி.ஏ. வந்துவிட்டதா? பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று இங்கே எழுதுங்கள். மணிக்கு என்ன வருகிறது என்று போட்டுச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஏஜெண்டிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.