மறு: ‘பேனிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘உடன்திருப்பல்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பறவைப் படமெடுப்புச் சொற்பட்டியலில் மற்ற சொற்களெல்லாம் ஒருவாறு முடிவாகிவிட்ட நிலையில், ‘பேனிங்’ (panning – நகரும் பறவையோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிப் படமெடுத்தல்) மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. அதை அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கோடம்பாக்கத்தில் ‘பேன் பண்ணு’ என்பது பல காலமாகப் புழங்கும் பேச்சுதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கற்க வரும் பள்ளி மாணவருக்காக நாம் எழுதும் கையேட்டில் ‘பறவையைப் பேன் செய்க’ என்று அச்சிட்டால், அவர் தலையைச் சொறிந்துகொள்வதற்கு இரண்டு காரணங்கள் இருக்கும்.

சொல்லைத் தேடுவதற்கு முன் செயலைத் தெளிவாக வரையறுப்போம். இங்கு வந்த முன்மொழிவுகளில் இரண்டு, ‘பின்னணி மங்கல்’, ‘ஓட்டக்கோட்டுப் படம்’ என்று விளைவுக்குப் பெயர் சூட்டுகின்றன. 1/30, 1/60 நொடி போன்ற மெதுவான ஷட்டர் வேகத்தில் பறவையின் உடல் தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் விழும் அந்த அழகான படம், பேனிங் தரும் பலன்களில் ஒன்று மட்டுமே. பறவையை உறையவைத்து எடுக்க விரும்புகிறவருக்கும் இதே செயல் தேவைப்படுகிறது. கணக்கிட்டுப் பார்க்கலாம். 36 மி.மீ. அகலமுள்ள உணரியும் (சென்சார்) 400 மி.மீ. லென்சும் கொண்ட கேமராவில், 50 மீட்டர் தொலைவில் சட்டத்துக்குள் அடங்கும் வெளியின் அகலம் நாலரை மீட்டர்தான். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் ஒரு நாரை அதை அரை நொடிக்குள் கடந்துவிடும். கேமராவை அசைக்காமல் பிடித்துக்கொண்டு 1/1000 நொடியில் எடுத்தாலும், அந்த இடைவெளியில் நாரை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அது ஏறத்தாழ 13 பிக்சல் நீளத்துக்கு இழுபட்டுத் தெரியும். பறவையின் வேகத்தோடு கேமராவும் திரும்பினால் உடலில் அந்த இழுபடல் ஏறத்தாழ இல்லாமல் போகிறது, சிறகின் அசைவு மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே நமக்கு வேண்டியது மங்கலுக்கான பெயர் அன்று, கேமரா பறவையோடு சேர்ந்து செல்வதற்கான பெயர்.

வேர்ச்சொல்லைப் பின்பற்றி ‘அகலக்காட்சி நகர்வு’ என்று ஆக்கலாம் என்ற கருத்தையும் இதே காரணத்தால் ஏற்க இயலவில்லை. ‘பேன்’ என்பது ‘பனோரமா’வின் குறுக்கம் என்பது உண்மை, 1787-இல் ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் காப்புரிமை பெற்ற வட்ட ஓவியக் காட்சிக்குப் பின்னர் சூட்டப்பட்ட பெயர் அது. முழுவதையும் காண்பது என்பது அதன் பொருள். பறவையைப் படமெடுக்கிறவரோ, முழுவதையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கண்ணுக்குள் வைத்திருக்கப் பாடுபடுகிறார்.

‘பின்தொடர் படமெடுப்பு’ என்று முன்மொழிந்த ஐயா அவர்களின் சொல்தான் இதுவரை பெரும்பான்மை ஆதரவு பெற்றிருக்கிறது. நானும் முதலில் அதையே ஆதரித்தேன். கடந்த சனவரியில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இரண்டு காலைப்பொழுதுகளை வீணாக்கிய பிறகு என் எண்ணம் மாறியது. கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவரும் சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் பெரிய உடலும் நிதானமான சிறகடிப்பும் கொண்டவை. மேலும் அவை ஏறத்தாழ ஒரே வழியில் திரும்பத் திரும்ப வந்து போவதால், கற்றுக்கொள்கிறவருக்கு அவற்றைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. அப்படியிருந்தும் என் படங்களில் பாதிக்கு மேல் வாலும் காலும்தான் விழுந்திருந்தன. நான் பறவையின் பின்னால் சென்றுகொண்டிருந்ததே காரணம். கண்ணில் பட்ட பிறகு கேமராவை உயர்த்தி, துரத்திப் பிடித்து, பிடித்த மறுகணமே பொத்தானை அழுத்தி, அழுத்தியவுடன் கையை நிறுத்திவிட்டேன். தொலைவில் வரும்போதே பறவையைச் சட்டத்துக்குள் எடுத்து, கால்களை ஊன்றியபடி இடுப்புக்கு மேல் மட்டும் சீராகத் திரும்பி, அழுத்திய பின்னும் திரும்புவதை நிறுத்தாமல் இருந்தபோதுதான் அலகும் கண்ணும் படத்துக்குள் வந்தன. ‘பின்’ என்னும் சொல், புதியவர் செய்யும் பிழையையே அவருக்குப் பாடமாகக் கற்பிக்கிறது. தவிர, ‘தொடர் குவியம்’ (நகரும் பொருளுக்கேற்பக் குவியத்தை, அதாவது ஃபோகஸை, விடாமல் மாற்றிக்கொண்டிருப்பது), ‘தொடர் படமெடுப்பு’ (அடுத்தடுத்துப் பல படங்களை எடுப்பது) ஆகிய இரண்டையும் வேறு பொருள்களுக்கு ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம். மூன்றாவதாக ஒரு ‘தொடர்’ வந்தால் ஒரே பத்தியில் மூன்றும் மோதிக்கொள்ளும்.

‘உடன்’ என்பதே இங்கே பொருத்தமான முன்னொட்டு. அதை முதலில் கண்டுபிடித்த அம்மையாருக்கு நன்றி. அவர் ஆக்கிய ‘உடன்போக்கு’ கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், தலைவனோடு தலைவி பெற்றோரறியாமல் புறப்பட்டுச் செல்வதை அகப்பாடல்கள் அப்பெயரால்தான் வழங்குகின்றன. ‘நத்தைகுத்தி நாரையோடு உடன்போக்கில் ஈடுபட்டேன்’ என்று ஒருவர் எழுதிவிட்டால் செவிலித்தாய் பாலைவழியில் தேடிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கும். ‘உடன்சுழற்சி’ முழுவட்டத்தை நினைவூட்டுகிறது. ‘உடன்வீச்சு’ என்பதில் எனக்குச் சிறிது மயக்கம் இருந்தது. 1882-இல் எத்தியேன்-ழூல் மாரே என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் பறவைகளின் பறத்தலை ஆராய அமைத்த படக்கருவியே துப்பாக்கி வடிவில்தான் இருந்தது. தோளில் அணைத்துக் குறிபார்த்தபடி நொடிக்கு 12 படங்கள் எடுக்கக்கூடியது. வேட்டைக்காரர் துப்பாக்கியை இலக்கோடு வீசிச்செல்லும் அசைவும் நம் செயலும் ஒன்றே. ஆனால் இயற்பியல் பாடநூல்களில் ‘வீச்சு’ அலையின் அளவுக்குரிய சொல்லாக வேரூன்றிவிட்டதால் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

எஞ்சுவது ‘உடன்திருப்பல்’. கால் ஊன்றியிருக்க உடலும் கேமராவும் திரும்புவதை அது அப்படியே சொல்கிறது. வினையாக்கிப் பார்த்தேன்: ‘பருந்து வட்டமிடும்போது உடன்திருப்பிப் பழகுங்கள்’, ‘1/60 நொடியில் உடன்திருப்பி எடுத்த படம்’. நாக்கில் தடங்கல் இல்லை. னகரமும் தகரமும் புணர்ந்தால் பொற்றாமரை போலத் திரிய வேண்டாமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். திரித்தால் சொல் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பதால் இயல்பாகவே விடுமாறு வேண்டுகிறேன். பறவை நேராக நம்மை நோக்கி வரும்போது இச்சொல் பொருந்தாது. அங்கே திருப்புவதற்கே வேலையில்லை, குவியம்தான் ஓட வேண்டும்.

ஒரே ஓர் ஐயம் மட்டும் தீரவில்லை. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நின்று, பின்னர் செங்குத்தாக நீரில் பாயும்போது கேமராவும் அதனோடு கீழே இறங்குகிறது. திரைத்துறையினர் மேல்கீழ் அசைவைப் பேனிங் என்பதில்லை, அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கிடை’ என்று அடைமொழி சேர்த்து அவர்களோடு ஒத்துப்போவதா, திசை எதுவானாலும் உடன்திருப்பலே என்று விரித்துக்கொள்வதா? என் சாய்வு இரண்டாவதை நோக்கியது. குழுவிலுள்ள ஒளிப்பதிவாளர்கள் இதுபற்றித் தங்கள் கருத்தை எழுதிய பின் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
குழு உறுப்பினன்