வேகமாகப் போனால் ரோடே காணாமல் போகிறது: பிஎஸ்2 சான் ஆன்ட்ரியாஸ், யாராவது உதவுங்கள்

கேள்வி (ரங்கூன்):
அண்ணன்மாரே, மாமா வீட்டுப் பரணில் கிடந்த பழைய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கேம் பெட்டி), அந்தத் தடித்த மாடல், போன மாதம்தான் இறக்கினேன். ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ் கேம் போட்டால் நடந்து போகையில், சைக்கிளில் போகையில் ஒரு தொந்தரவும் இல்லை. காரை முழு வேகத்தில் விரட்டினால்தான் வினை. முன்னால் ரோடு வருவதில்லை, வீடெல்லாம் மொழுக்கென்று களிமண் பொம்மை மாதிரி நிற்கிறது, ரேடியோ விக்கி விக்கி நின்றுவிடுகிறது, நேற்று காரோடு ஒன்றுமே இல்லாத இடத்தில் விழுந்தே விட்டேன். மெமரி கார்டு கோளாறா?

பதில் (பெகு):
கார்டில் சேவ் பண்ணி வைத்த ஆட்டம் கெட்டிருக்கும். அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடு.

கேட்டவர்:
40 மணி நேரம் ஆடியது அண்ணே, மனசு வரவில்லை.

பதில் (மோல்மீன்):
தம்பி, எதையும் அழிக்காதே. 8 எம்பி கார்டில் இருப்பது எந்த மிஷன் முடிந்தது, கையில் காசு எவ்வளவு என்கிற கணக்குதான். ரோடும் வீடும் டிஸ்க்கில் இருக்கிறது. பிஎஸ்2வின் ராம், அதாவது ஆடும்போது தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி, மொத்தமே 32 எம்பி, கேமில் வரும் மூன்று ஊரும் நடுவில் உள்ள காடு மலையும் அதற்குள் அடங்குமா? அதனால் நீ போகப் போக முன்னால் வரும் தெருவை டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே, கடந்து வந்ததைக் கழற்றிவிடும். 2002ல் வந்த முந்தைய ஜிடிஏ கேம் வைஸ் சிட்டியில் அடுத்த தீவுக்குப் போகும்போது லோடிங் என்று நிறுத்திவிடுவான், 2004ல் வந்த இதில் ஊர் விட்டு ஊர் போனாலும் அந்த நிறுத்தம் இல்லை, எனக்கு அப்போது நம்பவே முடியவில்லை. ரேடியோவும் அதே டிஸ்க்கிலிருந்துதான் வருகிறது. டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் திணறினால் நடக்கிறவனுக்குத் தெரியாது, விரட்டுகிறவன்தான் மாட்டுவான்.

அடிப்பக்கம் நீலமாக இருக்கிற சிடி கேம் ஏதாவது இருந்தால் போட்டுப் பார். அது ஒழுங்காக ஓடி, சான் ஆன்ட்ரியாஸ் மாதிரி டிவிடி மட்டும் திணறினால் டிவிடி லேசர் தளர்ந்திருக்கலாம், சிடிக்கு வேறு லேசர். ஆமாம், உன்னுடையது அசல் டிஸ்க்கா, காப்பியா?

கேட்டவர்:
காப்பிதான் அண்ணே. நீல டிஸ்க் ஒன்று இருந்தது, அது ஓடுகிறது.

பதில் (மோல்மீன்):
நினைத்தேன். காப்பி எடுத்த டிஸ்க் அசல் அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பாது, வயசான லென்ஸுக்கு அது இன்னும் கஷ்டம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைத் திற, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு லென்ஸை மெதுவாகத் துடை, அழுத்தாதே. லென்ஸ் நகர்கிற கம்பியில் பழைய கிரீஸ் காய்ந்திருந்தால் வழித்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் தடவு. பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பல்சக்கரம் இருக்கும், லென்ஸின் உயரம் அதில்தான், கை துறுதுறுத்தாலும் திருப்பாதே, திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் பேனாவால் குறி போட்டுக்கொள். நான் குறி போடாமல் திருப்பி ஒரு செட்டையே பாழாக்கினேன். டிஸ்க்கையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடை, வட்டமாகத் தேய்க்காதே.

பதில் (பெகு):
நம்ம ஊர் மழைக்காலத்து ஈரம் வேறு. பரணில் கிடந்தால் லென்ஸில் பூசணமே பிடிக்கும். சேவ் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கேட்டவர்:
துடைத்தேன் அண்ணே, பஞ்சு கறுப்பாகவே வந்தது. நண்பனிடம் அசல் டிஸ்க் ஒன்றும் வாங்கினேன். கேமில் லாஸ் சான்டோஸ் ஊரிலிருந்து சான் ஃபியரோ ஊர் வரை ஹைவேயில் ஒரே மூச்சில் விரட்டினேன், ரோடு கடைசி வரை இருந்தது, ரேடியோ ஒரே ஒரு தடவைதான் விக்கியது. வீட்டுக்குள் போய் சேவ் பண்ணலாம் என்று வாசல் வரை வந்தேன், கரண்டு போய்விட்டது.