எல்லாருக்கும் எழுத்து தெரிந்தும் பர்மா ஏன் பின்தங்கியது?

பகோ தம்பி:
வணக்கம். மகளின் டியூஷனுக்கே மாதக் கடைசியில் கடன் வாங்குகிறேன். "படித்து முடித்துத் தாய்லாந்துக்கு வேலைக்குத்தானே போகப் போகிறாள், எதற்கு இவ்வளவு செலவு?" என்று அண்ணன் கேட்கிறார். இங்கே பர்மாவில் 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேல் 89.5 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. ஆனாலும் 1987-லிருந்து ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் பரவினால் நாடு வளரும் என்பது பொய்யா?

மோல்மீன் டீச்சர்:
தம்பி, பொய் இல்லை, ஆனால் எழுத்தறிவு வேறு, படிப்பு வேறு. எழுத்து, பிக்குகளின் மடத்துப் பள்ளிகளால் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே ஊர் ஊராகப் பரவியது. அதற்கு மேலேதான் அடி விழுந்தது, 1988-க்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பையன் இயற்பியலை வாசல்படியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ராகம் போட்டு ஒப்பிப்பான். நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்டேன், பாவம், முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். ஹனுஷெக், வோஸ்மன் என்ற பொருளாதார அறிஞர்கள் பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: நீண்டகால வளர்ச்சியோடு ஒட்டிப்போவது எத்தனை வருஷம் படித்தார்கள் என்பதைவிட, கணக்கிலும் அறிவியலிலும் என்ன கற்றார்கள் என்பதுதான்.

தட்டோன் பெரியவர்:
டீச்சரம்மா சொல்வது சரி, இன்னொன்றும் உண்டு. கற்றதைக் காட்ட வேலை வேண்டும். 1960-களில் தென் கொரியாவும் ஏழை நாடுதான். அங்கே ஆரம்பப் பள்ளி அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டிய அதே காலத்தில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளும் எழுந்தன, படித்த பெண்பிள்ளைகள் நேராக அங்கே போனார்கள். இங்கே அதே 60-களில் 1962 ஆட்சிக் கவிழ்ப்பு, வங்கி முதல் கடை வரை தேசியமயம். பேரேடு எழுதத் தெரிந்த நம் தமிழ் ஆட்கள் எத்தனையோ பேர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். எங்கள் தெருவில் நல்லாப் படித்தவர்கள் அரிசி ரேஷனுக்கு வரிசையில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்காகப் பிள்ளை படிப்பை நிறுத்திவிடாதே அப்பா.

பகோ தம்பி:
நிறுத்த மாட்டேன் ஐயா. டீச்சர், நேற்று ராத்திரி மகளிடம் ஒரு பாடத்தை பர்மியத்தில் எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். அரை மணி நேரம் திணறினாள், அப்புறம் அவளே எழுந்து போய் டார்ச்சும் கண்ணாடியும் எடுத்து வந்து சுவரில் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டினாள். இதே மாதிரி தினமும் கேட்கலாமா, பரீட்சைக்கு நேரம் போய்விடுமா?

மோல்மீன் டீச்சர்:
கேள் தம்பி. பரீட்சைக்கும் அதுதான் உதவும்.